கழனி நஞ்சும் குளத்து மீனும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருவழியில், கொழிஞ்சாம்பாறையை எட்டுவதற்கு முன்னர், எலப்புள்ளி என்னும் ஊர் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி வழிவிடும் கணவாய்ப் பகுதி அது. மேற்கே மலையாள நாட்டின் பெருமழை. கிழக்கே கொங்கு நாட்டின் வறண்ட காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படுவதைக் கேட்கலாம். மழை குறைவாதலின் இங்குள்ள முன்னோர் குளங்களையும் ஏரிகளையும் நம்பியே நெல் விளைவித்தனர். மேட்டு வயலின் வடிகால் நீர் குளத்தில் இறங்கும்; அக்குளத்தின் நீர் மதகு வழியே பள்ளத்து வயலுக்குப் பாயும். ஒரே நீர் பல முறை உழைக்கும் ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டில் ஒரு விளைவும் அடங்கியிருக்கிறது. மேட்டு வயலில் தெளிப்பது எதுவாயினும் அது ஒருநாள் குளத்தை அடையும். குளத்திலோ மீன் வளர்கிறது. அண்மைக் காலத்தில் மீன் வளர்ப்போரிடையே ஒரு செய்தி பரவி வருகிறது. மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி முதலியவற்றின் சாற்றைத் தீவனத்தில் சேர்த்தால், பூச்சிகொல்லியின் தீங்கிலிருந்து மீனைக் காக்கலாம் என்பதே அச்செய்தி. ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்குச் சான்றுகளும் உள. அச்சான்றுகளின் மதிப்பு யாது, அவை எதுவரை செல்லும் என்பதை அறிய வேண்டுமானால், தாவரத்துக்கும் மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே இந்நாட்டில் நடந்த பழைய கதையை முதலில் அறிதல் நலம். அக்கதை நாம் எண்ணுவதற்கு மாறாகத் தொடங்குகிறது. தாவரம் மீனுக்குக் காவலாக அன்று, கூற்றாகவே முதலில் வந்தது.

கோடையில் ஆறு வற்றி ஆங்காங்கே மடுக்கள் மட்டும் எஞ்சும் நாட்களில், மலையோர மக்கள் நஞ்சு கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் தொன்மையானது. மருக்காரைக் காயை இடித்துப் போடுவர்; நேர்வாள விதையைக் கரைப்பர்; திருகுகள்ளிப் பாலை ஊற்றுவர். சற்று நேரத்தில் மீன்கள் மயங்கி வயிறு மேலாக மிதக்கும். இவற்றுள் புகழ் பெற்றது காக்கைக்கொல்லி. மலையாளக் காடுகளில் மரங்களின்மேல் படரும் பெருங்கொடி அது. சிறு காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ‘நஞ்செந்தினு நாநாழி’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. நஞ்சாயின் நாலு நாழி எதற்கு, சிறிதே போதுமே என்பது பொருள். இப்பழமொழியை ஆக்கியவர் யாராயினும் நஞ்சின் அளவறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் முதலியோரின் துணைகொண்டு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 742 தாவரங்களை விளக்கும் அப்பெருநூலில் காக்கைக்கொல்லிக்கும் இடமுண்டு. அதன் காய் மலையாளக் கரையிலிருந்து மேனாட்டுக்கு ஏற்றுமதியாயிற்று. அங்கும் மீன் மயக்க அதனைப் பயன்படுத்தினர்; போதையைக் கூட்டப் பீர் மதுவிலும் களவாகக் கலந்தனர். இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1816இல் சட்டமியற்றி அதனைத் தடுக்க வேண்டியதாயிற்று. 1812இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பூலே அக்காயின் நஞ்சைப் பிரித்தெடுத்தார். பிக்ரோடாக்சின் என்பது அதன் பெயர். நரம்புகளை அடங்கவிடாமல் துடிக்கச் செய்து கொல்லும் அப்பொருளையே, 1930களில், தூக்க மருந்தை மிகுதியாக உண்டு நினைவிழந்தோரை எழுப்பும் மாற்று மருந்தாக மருத்துவர்கள் கையாண்டனர். நஞ்சும் மருந்தும் ஒரே காயில் உறைந்ததை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது. பிக்ரோடாக்சினை நேயர்கள் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். எதிர்பாராத இடத்தில் அது மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நன்னீர் மீன்கள் அருகி வருகின்றன என்னும் கவலை அரசாங்கத்தாரிடையே எழுந்தது. கொச்சியில் மருத்துவராகப் பணி புரிந்தவரும், 1865இல் மலபார் மீன்களைப்பற்றி நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, பின்னர் இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்வளத்தை ஆராய்ந்து 1873இல் அறிக்கை அளித்தார். பல ஆண்டுகள் கழித்து, 1897இல், இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. அதன் நான்காம் பிரிவு வெடிமருந்தையும், ஐந்தாம் பிரிவு நஞ்சையும் சுண்ணாம்பையும் நீரில் இடுவதைத் தடை செய்கின்றன. ஆயின் ஐந்தாம் பிரிவின் சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் எண்ணத்துடன் நஞ்சிடுபவனே அப்பிரிவின்கீழ்க் குற்றவாளி. காக்கைக்கொல்லியை இடித்துப் போடும் ஏழை மலைவாசியை இச்சட்டம் பிடிக்கும். நெற்பயிரைக் காக்கும் எண்ணத்துடன் நஞ்சு தெளித்து, அது வாய்க்கால் வழியே குளத்து மீன் அனைத்தையும் அழித்துவிட்டால், அவ்வெண்ணம் இல்லாமையின் அப்பிரிவு வாளாவிருக்கும். சட்டம் எழுதிய காலத்தில் வயலிலிருந்து நஞ்சு வரும் என்று யாரும் கனவிலும் கருதவில்லை.

ஆயினும் அந்நஞ்சு வருவதற்கான வழி அதற்கு முன்பே திறக்கப்பட்டுவிட்டது. மலாய் நாட்டில் தூபா என்னும் வேரை நசுக்கி ஆற்றில் இட்டு மீன் பிடிப்பர். தோட்டக்காரர்கள் அவ்வேரைக் கரைத்துச் செடிகளில் தெளித்தால் புழுக்கள் மடிவதைக் கண்டனர். மேனாட்டார் அதனைப் பெருமளவில் வாங்கிப் பூச்சிகொல்லித் தூளாக்கி விற்றனர். அதிலுள்ள ரோட்டினோன் என்னும் பொருள் மீனின் உயிரணுக்களில் ஆக்ஸிஜன் பயன்படாதவாறு தடுக்கிறது. புழுவையும் அவ்வாறே கொல்கிறது. ஆகவே ஆற்று நஞ்சு கழனி நஞ்சாயிற்று. நீரில் கலக்கிய பொருள் நிலத்துக்கு ஏறியது. ஒரு நூற்றாண்டுக்குள், நிலத்தில் தெளித்த பொருள் நீருக்கு இறங்கத் தொடங்கியது.

அவ்விறக்கத்தைப் பாலக்காட்டில் நாம் ஆண்டு குறித்துச் சொல்ல இயலும். மலம்புழை அணையை 1955 அக்டோபர் 9ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில்தான் கேரள மாநிலம் அமைந்தது. வாளையாற்று அணை 1964இல் முடிவுற்றது. குளத்தை மட்டும் நம்பியிருந்த நிலங்களுக்கு வாய்க்கால் நீர் வந்தது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்குக் கேரளத்தில் பாலக்காடும் ஆலப்புழையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வீரிய விதை, இரசாயன உரம், பூச்சிமருந்து ஆகிய மூன்றும் ஒரே கட்டாக உழவர் கைக்கு வந்தன. டி.டி.டி. உற்பத்திக்கென 1954இல் அமைந்த இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம், ஆலுவாயை அடுத்த உத்யோகமண்டலத்தில் 1958இல் தன் இரண்டாம் ஆலையைத் தொடங்கியது. விளைச்சல் பெருகியது; அதனை மறுப்பார் இல்லை. பசியின் கொடுமையை நேரில் கண்ட தலைமுறை அம்மருந்துகளை வரமாகவே ஏற்றது; அதற்காக அவர்களை இன்று குறை கூறுவது முறையன்று.

எனினும் வயலில் பயிரோடு கூடவே விளைந்துகொண்டிருந்த மற்றொரு பொருளை எவரும் கணக்கில் எழுதவில்லை. விரால், தேளி, கெளிறு, ஆரல், அயிரை, கெண்டை என்று நடவு நீரில் தாமே பெருகிய மீன்கள் அவை. விதைப்பாரும் இல்லை, விலை கொடுப்பாரும் இல்லை. பறியும் தூண்டிலும் கொண்டு சிறுவர்கள் பிடித்து வந்தால் அன்றையக் குழம்பு அது. கூலி வேலை செய்வார் வீட்டில் புலால் உணவென்பது பெரும்பாலும் இவ்வளவே. மலாய் நாட்டின் கிரியான் நெல்வயல்களில் எண்டோசல்பான் முதலிய மருந்துகள் வந்தபின் வயல் மீன் குறைந்ததை 1970களில் ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். நம் நாட்டு வயல்களில் அவ்வாறு எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. இல்லாமற்போனதை முதியோர் நினைவிலிருந்தே பெரும்பாலும் அறிகின்றோம்.

வயல் மீன் அருகிய அதே காலத்தில் குளத்து மீன் வளர்ப்பு ஓர் அறிவியலாக வளர்ந்தது வரலாற்றின் வேடிக்கை. 1957 ஜூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி, கேரளத்தவரான அலிக்குஞ்ஞி ஆகிய அறிஞர்கள், பெருங்கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அதுவரை வெள்ளக் காலத்து ஆற்றில் வலை வீசித் தேடிய மீன் குஞ்சு அதன்பின் பண்ணையில் கிடைத்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டு மீன்கள் தென்னாட்டுக் குளங்களுக்குக் குடியேறின. மலம்புழையில் மாநில மீன்வளத்துறையின் குஞ்சுப் பண்ணை அமைந்தது. ‘ஜனகீய மத்ஸ்ய கிருஷி’ என்னும் திட்டத்தின் மூலம் ஊராட்சிக் குளங்களில் மீன் விடும் வழக்கமும் பின்னர்ப் பரவியது. முன்பு வயலில் மீன் இறந்தால் இழப்பு யாருடையதும் அன்று. இன்று குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கிக் குஞ்சு விட்டுத் தீவனமிட்டவனுக்கு ஓரிரவில் மீன் மிதந்தால் அவ்வாண்டின் முதலே மிதக்கிறது.

மீனுக்கு நேர்ந்தது ஒருபுறமிருக்க, மனிதருக்கும் ஓர் எச்சரிக்கை விரைவிலேயே வந்தது. 1958ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலொன்றில், பாலிடால் என்னும் பாரத்தியான் மருந்து கசிந்து உணவுப் பொருள்களில் கலந்தது. அதனை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1968இல் பூச்சிகொல்லிச் சட்டம் உருவானது. மருந்துக் குப்பிகளின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணக் குறிகள் அதன் பயனாகக் கிடைத்தவை. இவ்வண்ணங்கள் எலி முதலிய பாலூட்டிகளைக் கொண்டு அளவிடப்பட்டவை என்பதை மீன் வளர்ப்போர் அறிதல் வேண்டும். எலிக்கு மென்மையான மருந்து மீனுக்கு மென்மையாக இருக்கும் என்று கொள்ளற்க. செவ்வந்தி இனத்துப் பூவொன்றின் நஞ்சைப் பின்பற்றிச் செய்யப்படும் பைரித்ராய்டு மருந்துகள் இதற்கு எடுத்துக்காட்டு. மனித உடல் அவற்றைப் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றும். மீனின் ஈரலுக்கு அத்திறன் குறைவு. ‘பூவிலிருந்து வந்தது’ என்னும் பெருமை மீனின் செவுளுக்குத் தெரியாது.

எண்டோசல்பானின் கதை கேரளத்தில் எல்லாரும் அறிந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் அது தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்களின் துன்பம் நாடெங்கும் பேசப்பட்டது. பாலக்காட்டில் முதலமடை மாந்தோப்புகளிலும் அது பயன்பட்டது. முதலமடை எலப்புள்ளிக்குத் தெற்கே, தொலைவில் இல்லை. 2005இல் கேரள அரசும், 2011 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதனைத் தடை செய்தன. மனிதரைப்பற்றிய வாதங்கள் நீண்டன. மீனைப்பற்றிய வாதத்துக்கு இடமே இல்லை. ஒரு லிட்டர் நீரில் ஒரு சில மைக்ரோகிராம் அளவே இருந்தாலும் பல மீனினங்கள் அதனால் மடியும். 1969 ஜூன் மாதம் ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாக இறந்து ஹாலந்து வரை மிதந்து சென்றதற்கு இம்மருந்தே காரணமென்று கண்டனர்.

இங்கேதான் காக்கைக்கொல்லி மீண்டும் வருகிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்னும் பொருளுக்கென உடலில் ஒரு வாயில் உண்டு. பிக்ரோடாக்சின் அவ்வாயிலை அடைத்துவிடும். அதனால் நரம்பு ஓயாமல் துடிக்கும். எண்டோசல்பான் சென்று அமரும் இடமும் அதே வாயில்தான் என்பதை 1980களில் அறிவியலார் கண்டனர். கோடை மடுவில் கொடிக்காயை இடித்துப் போட்ட மலைவாசியும், மேனாட்டு ஆலையில் இம்மருந்தை வடித்த வேதியியலாரும் ஒருவரையொருவர் அறியாமலே மீனின் ஒரே நரம்பைத் தொட்டனர். வேறுபாடு இதுவே: காக்கைக்கொல்லி அந்த மடுவோடு நின்றது; எண்டோசல்பானோ மண்ணிலும் கொழுப்பிலும் தங்கி நெடுநாள் நின்றது.

மீனுக்கு மூலிகை மருத்துவம் பெரிய அளவில் பேச்சுக்கு வந்தது 1990களில் எனலாம். வட கிழக்கிந்தியாவில் 1988இல் நுழைந்த ஒரு புண்நோய் 1991இல் கேரளத்துக்கும் வந்தது. விராலும் கெண்டையும் உடலெங்கும் செந்நிறப் புண்ணுடன் மிதந்தன. மக்கள் மீன் வாங்க அஞ்சினர். மீனவர் வீட்டில் உலை ஏறவில்லை. வயலில் தெளித்த மருந்தே காரணமென்று பலர் உறுதியாக நம்பினர். ஆராய்ந்தபோது அபனோமைசிஸ் என்னும் பூசணத்தின் வேலை அது என்று தெரிய வந்தது. அக்காலத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து குளத்தில் தூவும் முறை கைக்கொள்ளப்பட்டது. புவனேசுவரத்து நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ‘சிபாக்ஸ்’ என்னும் மருந்தையும் உருவாக்கித் தந்தனர். சமையலறை மஞ்சள் குளக்கரைக்கு மருந்தாக வந்தது இவ்வாறு. ஆனால் அது பூசணத்துக்கும் கிருமிக்கும் எதிரான மருந்து, பூச்சிகொல்லிக்கு எதிரானதன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.

இனி, இக்காலத்து ஆராய்ச்சிக்கு வருவோம். பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகளான மாலத்தியான், குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் ஆகியவை நரம்பின் செய்தியை முடித்து வைக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. மீன் நிலைகுலைந்து சுழன்று நீந்துவது இதனாலேயாம். அத்துடன் நில்லாமல், ஈரலிலும் செவுளிலும் நிலையற்ற ஆக்ஸிஜன் வடிவங்கள் பெருகி உயிரணுக்களின் உறையைச் சிதைக்கின்றன. நொதி முடங்குவதைப் பூண்டோ மஞ்சளோ தடுத்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இரண்டாவது தீங்கையே மூலிகைகள் பெரிதும் தணிக்கின்றன. மஞ்சளின் குர்குமின், பூண்டின் கந்தகப் பொருள்கள், நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருள்கள் முதலியவை அந்த ஆக்ஸிஜன் வடிவங்களை அடக்குகின்றன. உடலின் சொந்தத் தற்காப்பு நொதிகளுக்கும் ஊக்கமளிக்கின்றன. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்த நம் பாட்டிமார் ஈரலைக் கருதியே கொடுத்தனர். மீனிலும் ஆராய்ச்சியாளர் ஈரலையே முதலில் நோக்குகின்றனர்.

சோதனையின் அமைப்பு எளியது. ஒரு தொட்டியில் தூய நீரும் சாதாரணத் தீவனமும். ஒன்றில் மருந்து கலந்த நீர். மற்றொன்றில் அதே நீருடன் மூலிகை கலந்த தீவனம். முன்னதாகவே, 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் மடியும் அளவு எது என்று கண்டறிந்து, அதில் ஒரு சிறு பங்கையே நீரில் சேர்ப்பர். சில வாரங்கள் கழித்துக் குருதியையும் ஈரலையும் செவுளையும் ஒப்பிடுவர். துருக்கியில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், குளோர்பைரிபாஸுக்கு ஆளான கெண்டை மீன்களின் குருதி மாற்றங்களைக் குர்குமின் தணித்தது. எகிப்தில் 2015இல் வெளியான வேறோர் ஆய்வில், டெல்டாமெத்ரினுக்கு ஆளான திலாப்பியாவுக்கு ஸ்பைருலினா என்னும் நீலப்பசும் பாசி உதவியது. நம் நாட்டுப் பல்கலைக்கழக விலங்கியல் துறைகளிலும் துளசி, முருங்கை, பூண்டு முதலியவற்றைக்கொண்டு இவ்வகைச் சோதனைகள் நடந்துள்ளன. பொதுவாக, மூலிகை உண்ட மீன் நஞ்சு மட்டும் கண்ட மீனைவிடத் தேறியிருக்கும். தூய நீரில் வாழ்ந்த மீனுக்கு முற்றிலும் நிகராயிருப்பது அரிது.

இது பொய்யன்று; ஆனால் தொட்டி வேறு, குளம் வேறு. தொட்டியில் ஒரே மருந்து அளந்து இடப்படுகிறது. குளத்திலோ, பூச்சிமருந்தும் பூசணமருந்தும் களைக்கொல்லியும் கலந்து, முதல் மழையின்போது ஒரே வெள்ளமாக வருகின்றன. இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களைப்போல ஆண்டு முழுதும் பல சுற்று மருந்தடிக்கும் இடங்களில் கீழே செல்லும் ஓடைகளின் நிலையும் அவ்வாறே. மஞ்சளின் குர்குமின் ஒளியில் சிதையும். குடலில் சிறிதளவே உட்புகும். தீவனத்தில் கலந்தது மீனின் வயிற்றை அடையுமுன் நீரில் கரைவதும் உண்டு. மேலும் மூலிகை என்றதனாலேயே அது மீனுக்குத் தீங்கற்றது ஆகிவிடாது. வேப்பிலைச் சாறு சற்று மிகுந்தால் மீனின் செவுளும் குருதியும் கெடும் என்பது பிரேசில் முதலிய நாடுகளின் ஆய்வுகளிலும் தெரிந்தது. இலுப்பைப் பிண்ணாக்கை நம் மீன் வளர்ப்போர் நன்கறிவர். குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களை அழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு ஏறத்தாழ 2500 கிலோ இடுவது வழக்கம். அதிலுள்ள சப்போனின் குருதியணுக்களை உடைத்துக் கொல்லும். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு தணிந்து அதுவே குளத்துக்கு எருவாகும். ஒரே பிண்ணாக்கு முதல் வாரத்தில் கூற்று, நான்காம் வாரத்தில் ஊட்டம்! அளவும் நாளும் அறியாமல் அதனைத் தொடுவார் இல்லை. தீவனத்தில் கலக்கும் மூலிகைக்கும் அத்தகைய அளவறிவு வேண்டும். கேள்விப்பட்டதை நம்பிக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவது எம் கருத்தில் தவறான வழி.

இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது வேறொன்று. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசுவைப்போன்ற ஒரு பூச்சியை ஒழிக்க, 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் உறவான டி.டி.டீ. என்னும் மருந்தை இட்டனர். முதல் முறை 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. பின்னர் 5 கோடிக்கு ஒன்று. மீன் இறவாத அளவு என்று ஆய்ந்தே இட்டனர். மீனும் பெரும்பாலும் பிழைத்தது. ஆனால் அம்மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கணக்கில் மாண்டன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1600 பங்கு மருந்து இருந்தது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது. மீன் பிழைத்தமையாலேயே நஞ்சு மேலேறியது என்பதை நோக்குக.

இன்று கழனியில் தெளிக்கும் மருந்துகளுட் பல அக்காலத்தனபோல நெடுநாள் தங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் கேள்வி மாறவில்லை. குளத்தில் மீன் செத்து மிதந்தால் ஊரார் கூடுவர். நீரைத் தொட அஞ்சுவர். தெளித்தவர் யாரென்று கேட்பர். மூலிகைத் தீவனத்தால் அம்மீன் சாகாமல் தாங்கிக்கொண்டால் அந்தக் கேள்வி எழாது. மீன் சந்தைக்குச் செல்லும். அங்கிருந்து அடுப்புக்குச் செல்லும். அதன் தசையில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதை ஈரல் நொதிகளின் கணக்கு சொல்லாது. தனியே எச்சத்தை அளந்தாலன்றி அறிய இயலாது. சில ஆய்வாளர் அதனையும் அளக்கின்றனர், பலர் அளப்பதில்லை. காய்கறிகளில் மருந்தின் எச்சத்தைக் காணக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணிக் கல்லூரியில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. உள்நாட்டுக் குளத்து மீனும் அவ்வாறே தவறாமல் அளக்கப்பட வேண்டும் என்பதே எம் விருப்பம். அதுவரை, மூலிகை மீனைக் காத்தது என்னும் செய்தியைப் பாதிச் செய்தியாகவே கொள்ளுதல் தகும்.

நஞ்சு நீருக்கு வராமல் தடுத்தவர்களின் வரலாறும் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தோனேசியாவில் மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பூச்சி பெருகியது. அதனைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் முதலில் மடிந்ததே காரணம். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே ஆணையால் விலக்கியது. நெல் உற்பத்தி அதனால் வீழ்ந்துவிடவில்லை. நம் கேரளத்திலும் 1973-74இல் புகையான் பயிரைப் பாழாக்கியதுண்டு. 2011இல் கேரள அரசு கார்போபியூரான், போரேட், மீதைல் பாரத்தியான், மோனோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய மருந்துகளை நிறுத்தியது. ‘ஒரு நெல்லும் ஒரு மீனும்’ என்னும் திட்டத்தில் ஒரே வயலில் மாறி மாறி இரண்டையும் வளர்க்கும் உழவர், யாரும் சொல்லாமலே மருந்தைக் குறைக்கிறார், மீனும் அவருடையதாதலின்.

எலப்புள்ளிப் பக்கத்துக் குளங்களில் நிலைமை அவ்வளவு எளிதன்று. மேட்டு வயலை உழுபவர் ஒருவர். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் மற்றொருவர். மருந்து தெளிக்கக் கூலிக்கு வருபவர் மூன்றாமவர். தெளித்தபின் சில நாட்கள் வயல் நீரை வரப்புக்குள்ளேயே கட்டி நிறுத்துவதும், குளத்தின் வரத்து மடையை அடைப்பதும், வாய்க்கால் ஓரத்தில் சில முழம் அகலத்துக்குப் புல்லை வளரவிட்டு நீரை அதன் வழியே வடியவிடுவதும் செலவில்லாத காரியங்கள். பல மருந்துகளின் வேகம் அந்நாட்களுக்குள் வெயிலிலும் சேற்றிலும் பெரிதும் குறைந்துவிடும். மழை எதிர்பாராது கொட்டி நீர் உடைத்துக்கொண்டு வந்துவிட்டால், அப்போது மஞ்சளும் கீழாநெல்லியும் சேர்ந்த தீவனம் அளவறிந்து இடப்படின் மீனுக்குத் துணையாகும். அம்மீனைச் சிலகாலம் பிடிக்காமல் விட்டுவைத்து, எச்சம் அளந்தபின் விற்கலாம். ஆனால் மடையை எப்போது அடைப்பதென்று குத்தகைக்காரர் அறிய வேண்டுமானால், தெளிக்கும் நாளை மேட்டு வயலார் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்படி 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அவரைக் கேட்பதில்லை. ஊராட்சி எழுதும் குளக் குத்தகைச் சீட்டிலும், வாய்க்கால் நீரைப் பங்கிடும் உழவர் கூட்டத்தின் முடிவுகளிலும் ஒரு வரியாக அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். நடவுக்கு முன் கூடும் கூட்டம் அதற்கு ஏற்ற காலம்.